எங்கள் ஊருக்கு ஒரு பின்னல்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை எங்களில் ஒருவர் வாசிக்கிறார். எழுதியது பதினொரு பேர். சனிக்கிழமைப் பின்னேரங்களில், உள்துறைமுக வீதிக்குக் கிட்ட ஒரு வீட்டு விறாந்தையில் கூடியிருந்து பின்னுகிறவர்கள் நாங்கள். எங்களில் மூத்தவருக்கு 81 வயது, இளையவருக்கு 34. ஒரே வகுப்பில் படித்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் ஒருவரையொருவர் அறிந்தது இந்தச் சங்கத்தாலும் நூற்பந்தாலும்தான்.

"இந்த வெயிலுக்குள்ள கம்பளியா?" என்று நீங்கள் கேட்பது எங்களுக்குத் தெரியும். கச்சான் காற்று அனலாய் அடிக்கிற ஜூன், ஜூலை மாதங்களில் எங்களுக்கும் அதே கேள்விதான். மடியில் கம்பளி கிடந்தால் அடுப்பைத் தூக்கி வைத்தது போல இருக்கும். ஆகவே அந்த மாதங்களில் பருத்தி நூலில் பையும் குஷன் உறையும் பின்னுவோம். வாடைக்காற்றுத் தொடங்கி மழை பிடித்த பிறகுதான் கம்பளியைத் தொடுவோம். கடல் பெருத்து, வள்ளங்கள் கரையில் ஏறி நிற்க, திருக்கடலூரில் வலை பொத்துகிற அதே மாதங்கள்தான் எங்கள் பின்னற் காலமும்.

ஆனால் கம்பளிக்கு உண்மையான காரணம் வேறு. எங்களுக்குக் குளிர் இல்லை, எங்கள் பிள்ளைகள் குளிரில் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். அவர்கள் முதுகில் எங்கள் கை ஒரு தடவை பட வேண்டுமென்றால், இங்கிருந்து அனுப்பக்கூடியது இதுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, கனடாவில் பிறந்த ஒரு பிள்ளை தன் அம்மம்மாவோடு எங்கள் விறாந்தைக்கு வந்தாள். அவளுடைய தாய் எங்கள் பழைய மாணவி. பிள்ளை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு, தான் படிக்கிற பல்கலைக்கழகத்தில் ஒரு ஐரிஷ் தோழி இருப்பதாகவும், அவள் போடுகிற வெள்ளைக் கம்பளிச் சட்டையில் இருக்கும் பின்னல் அவளுடைய ஊர்ப் பின்னல் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்: "ட்ரிங்கோவுக்கு என்ன பின்னல், அம்மம்மா?"

பதினொரு பேரும் ஊசியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எங்களிடம் பதில் இருக்கவில்லை. இந்த உரை அந்தக் கேள்விக்குப் பிறகு நாங்கள் செய்தவற்றைப் பற்றியது.

முதலில், கேபிள் பின்னல் என்றால் என்னவென்று மறந்தவர்களுக்காகச் சில வார்த்தைகள். தையல் வகுப்பில் நாங்கள் பிளேனும் பேர்லும் படித்தோம். குழந்தைத் தொப்பியும் காலுறையும் பின்னிப் புள்ளி வாங்கினோம். கேபிள் அதற்கு ஒரு படி மேலே. ஆறு கண்ணியில் ஒரு கயிறு எடுப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் இரண்டிரண்டு பேர்ல் கண்ணி வாய்க்கால் போல அமுங்கி நிற்கும். நடுவிலுள்ள ஆறும் வரம்பு போல எழுந்து நிற்கும். ஆறு வரிசைக்கு ஒரு தடவை, முதல் மூன்று கண்ணியையும் பின்னாமல் ஒரு சின்னத் துணை ஊசிக்கு மாற்றி முன்பக்கம் விட வேண்டும். அடுத்த மூன்றையும் முதலில் பின்ன வேண்டும். பிறகு காத்திருக்கும் மூன்றையும் பின்ன வேண்டும். கயிறு இடப்பக்கம் சாயும். துணை ஊசியைப் பின்பக்கம் விட்டால் வலப்பக்கம் சாயும். அவ்வளவுதான். உலகத்திலுள்ள கேபிள் பின்னல்கள் பெரும்பாலும் இந்த ஒரு செய்கையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

துணை ஊசி இல்லாமற் போனால் கவலை வேண்டாம். நாங்கள் பழகிய காலத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. கொண்டை ஊசியை நிமிர்த்தி எடுத்துக்கொண்டோம். எங்களில் ஒருவர் இன்றைக்கும் அதே கொண்டை ஊசியில்தான் பின்னுகிறார்.

இதில் என்ன சந்தோஷம் என்று கேட்டால், முதலாவது சந்தோஷம் விரலுக்கு. தட்டையாய்க் கிடந்த துணி எழும்பி உருண்டு ஒரு உடம்பு எடுக்கிறது. பார்வை மங்கிய எங்கள் 81 வயது அக்கா பின்னலைத் தடவியே எந்த வரிசையில் நிற்கிறார் என்று சொல்லுவார். இரண்டாவது, எண்ணிக்கை. எண்ணுகிற வாய்க்கு வேறு கவலை பேச நேரம் இல்லை. கணவரை ஆசுபத்திரியில் வைத்துக்கொண்டு வந்திருந்து பின்னியவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, துணை ஊசி, மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு மணித்தியாலம் அப்படிப் போகும்.

மூன்றாவதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள். இருபது வரிசை மேலே போன பிறகு, கீழே ஒரு கயிறு தவறான பக்கம் திரும்பியிருப்பது கண்ணில் படும். முழுவதையும் பிரிக்கத் தேவையில்லை. அந்த ஆறு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து கழற்றி, பிழை நிற்கும் இடம்வரை ஏணியாய் இறக்கி, சரியாகத் திருப்பி, ஒவ்வொரு படியாய் மேலே கொண்டுவரலாம். முதல் தடவை செய்கிறபோது நெஞ்சு நின்றுவிடும். இரண்டாந் தடவை கைக்குத் துணிவு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கேபிள் துணியை உள்ளே இழுக்கும். ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறுவதால் அகலம் குறையும், நூலும் கூடப் பிடிக்கும். எங்களில் ஒருவர் இதைக் கணக்கில் எடுக்காமல் மருமகனுக்கென்று ஒரு சட்டை பின்னினார். அது பன்னிரண்டு வயதுப் பேரனுக்கு அளவாயிருந்தது. பேரனுக்குச் சந்தோஷம். ஆகவே, தொடங்கமுன் அதே நூலில், அதே ஊசியில், அதே கேபிளோடு ஒரு துண்டு பின்னி, 10 சென்றிமீற்றருக்கு எத்தனை கண்ணி வருகிறதென்று பாருங்கள். சோம்பல்பட்டவர்கள் எல்லோரும் எங்கள் கூட்டத்தில் பிரித்தவர்கள்.

பிரிப்பது என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம். எங்களில் ஒருவர் 1990 இல் ஊரை விட்டு ஓடியபோது, ஊசியில் பாதி நின்ற ஒரு கம்பளிச் சட்டையைத் துணி மூட்டைக்குள் வைத்து, கடல் கடந்து மண்டபம் முகாம் வரை கொண்டுபோனார். அங்கே அதைப் பிரித்து நான்கு கைக்குழந்தைகளுக்குத் தொப்பி பின்னினார். பிரித்த கம்பளி சுருள் சுருளாய் நிற்கும். கழியாய்ச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, நுனியில் பாரம் கட்டித் தொங்கவிட்டால் காயும்போது நேராகிவிடும். இது அவர் எங்களுக்குப் படிப்பித்தது. இன்றைக்கும் பழைய சட்டைகளை இப்படித்தான் புது நூலாக்குகிறோம்.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். ஐரிஷ் தோழியின் சட்டை எங்கேயிருந்து வந்தது என்று தேடினோம். பிள்ளைகள் அனுப்பிய புத்தகங்களை வாசித்தோம். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கோல்வே குடாவின் வாயில் மூன்று சின்னத் தீவுகள் இருக்கின்றன. அரன் தீவுகள் என்று பெயர். கல்லும் காற்றும் மீன்பிடியுமான இடம். அங்கத்தைய பெண்கள் சாயம் போடாத வெண்கம்பளியில் கயிறும் தேன்கூடும் வைரவடிவமும் நிறைத்துப் பின்னிய சட்டைதான் இன்று உலகம் முழுவதும் அரன் சட்டை என்று அறியப்படுகிறது.

அதோடு ஒரு கதையும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியான ஒரு பின்னல் இருந்ததாம். கடலில் போன ஆண் பல நாள் கழித்துக் கரையொதுங்கினால், முகம் தெரியாவிட்டாலும் சட்டையின் பின்னலைக் கொண்டு இன்ன வீட்டுப் பிள்ளை என்று அறிவார்களாம். நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள்.

துறைமுக ஊரில் பிறந்த எங்களை அந்தக் கதை பிடித்துக்கொண்டது. அதை வைத்தே எங்கள் ஊர்ப் பின்னலையும் தொடங்கலாம், குடும்பத்துக்கு ஒன்றாய் வடிவம் வைக்கலாம் என்று கதைத்தோம். ஒரு சனிக்கிழமை அதை உற்சாகமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். 2004 டிசம்பர் 26 இல் தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவர் அவர். அதை நாங்கள் அறிவோம். அந்த நேரம் மறந்துவிட்டோம்.

அடுத்த கிழமை அவர் வரவில்லை. அதற்கிடையில், மேலும் வாசித்தபோது அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை என்று தெரியவந்தது. ஜே. எம். சிங் எழுதி 1904 இல் டப்ளினில் மேடையேறிய 'ரைடர்ஸ் ரு த சீ' என்ற நாடகத்தில், அரன் தீவு ஒன்றிலிருக்கும் ஒரு சகோதரி, கடலில் இறந்த அண்ணனைக் காலுறையில் தான் எண்ணிப் போட்ட கண்ணிகளைக் கொண்டு அறிகிறாள். அது காலுறை, சட்டையல்ல. அவள் பார்த்தது தன் கையின் எண்ணிக்கையை, குடும்பச் சின்னத்தை அல்ல. நாடகத்தில் வந்த அந்தக் காட்சியே பிற்காலத்தில் சட்டைக் கதையாய் வளர்ந்தது என்று பின்னல் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இன்னொரு கதையும் அப்படித்தான் வந்தது. ஹைன்ஸ் எட்கர் கீவே என்ற ஒக்ஸ்போர்ட் நூல் வியாபாரி 1930களில் டப்ளினில் ஒரு அரன் சட்டையைக் கண்டார். அதன் வடிவங்கள் பழைய ஐரிஷ் துறவிகளின் சித்திர ஏடுகளைப் போல இருப்பதாய் அவருக்குத் தோன்றியது. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட புனிதக் கலை என்று 1967 இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். ஆதாரம் கேட்டவர்களுக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

உண்மையாக நடந்ததாகத் தெரிவது இதுதான். 1891 இல் அயர்லாந்தின் வறிய மேற்குப் பகுதிகளுக்கு உதவ ஒரு அரச சபை அமைக்கப்பட்டது. மீன்பிடியும் கைத்தொழிலும் வளர அது துணைசெய்தது. வெளிக் கரைகளிலிருந்து வந்த மீன்பிடித் தொழிலாளர்களின் பின்னற் சட்டைகளைத் தீவுப் பெண்கள் பார்த்தார்கள். பார்த்ததைத் தங்கள் கையில் எடுத்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்டியாய்க் கூட்டிக் கூட்டிப் பின்னினார்கள். இதெல்லாம் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது. 1930 இல் மியூரியல் கஹன் என்ற பெண் டப்ளினில் ஒரு கடை திறந்து, கிராமத்துக் கைவேலைகளை வாங்கி விற்றார். அரன் சட்டைகளும் அங்கே விலைப்பட்டன. 1940களில் பற்றன்ஸ் நூல் நிறுவனம் அதன் பின்னல் முறையை அச்சிட்டது. 1961 இல் கிளான்சி சகோதரர் என்ற ஐரிஷ் பாடகர் குழு அந்த வெள்ளைச் சட்டையோடு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியது. பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் பின்னிக் கொடுக்கப் போதவில்லை. 2017 இல் நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் நடத்திய உடைக் கண்காட்சியிலும் அது இடம்பெற்றது.

கணக்குப் பார்த்தோம். அந்தப் புகழ்பெற்ற பாரம்பரியத்துக்கு ஏறக்குறைய எங்கள் சங்கத்தின் வயது. கொஞ்சம் கூடலாம்.

இதை எங்கள் சகோதரியிடம் எப்படிச் சொல்வது என்று பயந்தோம். கதையை நம்பித்தான் அவர் எழுந்து போனார். இப்போது அது கட்டுக்கதை என்றால் இன்னும் நோகாதா? மூன்று பேர் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு அவர் சொன்னதை, அவருடைய சம்மதத்தோடு இங்கே சொல்கிறோம்.

"உடுப்பைப் பார்த்து ஆளைத் தேடுறது என்னெண்டு எனக்குத் தெரியும். நான் செய்திருக்கிறன். அதை ஒரு வடிவான கதையா ஆரும் சொல்லேக்க எனக்குக் கேட்க ஏலாது. அது பொய்யெண்டது நல்லது. அப்ப அந்தப் பொம்பிளையளும் எங்களைப் போலத்தான், பிள்ளையளுக்குச் சோறு குடுக்கப் பின்னினவை. அது எனக்குப் பிடிச்சிருக்கு."

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். எங்கள் ஊர்ப் பின்னலுக்கான முதல் வடிவத்தைக் கீறியவரும் அவர்தான்.

அன்றைக்கு இரண்டு முடிவு எடுத்தோம். ஒன்று, பழசு என்று பொய் சொல்வதில்லை. இரண்டு, பழசு இல்லையே என்று வெட்கப்படுவதும் இல்லை. மூன்று சின்னத் தீவுப் பெண்கள் ஒரு தலைமுறைக்குள் தொடங்கியதை நாங்களும் தொடங்கலாம். பிறகு வருகிறவர்களுக்கு அது பாட்டியின் பின்னலாகிவிடும்.

சதுர றூள் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினோம். எங்கள் கண்கள் எதைத் தேடின என்று சொன்னால், நீங்கள் இருக்கும் ஊரிலும் தேடலாம். இரண்டு கோடுகள் எங்கே குறுக்கிடுகின்றன, எது மேலே போகிறது, எது கீழே போகிறது, எங்கே மறுபடி சந்திக்கின்றன. இந்த மூன்றும் தெரிந்தால் கேபிள் கீறலாம்.

முதல் வடிவத்துக்கு வெளியே போகவே தேவைப்படவில்லை. வெள்ளைச் சீருடையும் ரிபனும் கட்டிய இரட்டைப் பின்னலும் நினைவிருக்கிறதா? ஒவ்வொரு காலையும் தலையில் இரண்டு கேபிளோடுதான் நாங்கள் வகுப்புக்கு வந்தோம். ஒன்பது கண்ணி, மூன்று மூன்றாய்ப் பிரித்து, ஒரு தடவை வலப்பக்க ஆறையும் முன்னால் விட்டுக் குறுக்கிட வேண்டும். நான்கு வரிசை கழித்து இடப்பக்க ஆறையும் பின்னால் விட்டுக் குறுக்கிட வேண்டும். தலைமயிர் பின்னுகிற அதே கணக்கு. தமிழில் இரண்டுக்கும் பின்னல் என்றுதானே பெயர்.

இரண்டாவது தும்புக் கயிறு. கரையில் கிடக்கும் கயிற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். புரிகள் ஒரு பக்கம் முறுக்கப்பட்டு, கயிறு மறுபக்கம் முறுக்கப்பட்டிருக்கும். ஒன்றையொன்று பிடிப்பதால்தான் அவிழ்வதில்லை. எங்கள் வடிவத்தில் ஒரு கயிறு இடம் சாய, பக்கத்துக் கயிறு வலம் சாயும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் சட்டை கோணலாய்த் தெரியும்.

மூன்றாவது திருக்கடலூர் வலை. கோடுகள் சரிந்து போய்ச் சந்தித்துப் பிரியும் பின்னல். நான்காவது பன்பாய். எல்லாக் கண்ணிகளும் மாறி மாறி மேலும் கீழும் போய், இடைவெளியில்லாமல் பாய் போல நிறையும். இது நூலை விழுங்கும், ஆனால் குஷனுக்கு இதைவிட நல்லது இல்லை. ஐந்தாவது நாகம். கோயிலடி மரத்தின் கீழ் நாகக் கல்லில் இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து, விலகி, மறுபடி பிணைந்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். சிற்பி கல்லில் செதுக்கிய கேபிள் அது. ஆறாவது பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களின் கொம்பு. கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகிறவர்கள் எல்லோரும் அவற்றுக்கு ஏதாவது கொடுத்திருப்போம். மான்கொம்பு என்ற பெயரிலேயே ஒரு கேபிள் மேல்நாட்டுப் புத்தகங்களில் முன்பே இருக்கிறது. நடுத்தண்டிலிருந்து இருபுறமும் கிளை விரியும். அதை எடுத்து எங்கள் மானுக்குப் பொருத்தினோம். எடுத்ததைக் கொப்பியில் எடுத்தது என்றே எழுதியிருக்கிறோம்.

ஏழாவதுதான் எங்களை ஆறு மாதம் அழவைத்தது. கோலம். புள்ளி வைத்து, கோடு சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிகிற சிக்குக் கோலம். பார்த்தால் கேபிளுக்கென்றே பிறந்தது போல இருக்கும். ஆனால் பின்னலில் கோடு கீழிருந்து மேலேதான் போகும். வளைந்து கீழே திரும்பாது. அடியிலும் நுனியிலும் கோலம் மூடாமல் வாய் திறந்தபடி நின்றது. எல்சபெத் லாவோல்ட் என்ற சுவீடன் நாட்டு வடிவமைப்பாளர் வைக்கிங் காலத்துக் கல் முடிச்சுகளைப் பின்னலாக்க முயன்றபோது இதே இடத்தில் நின்றிருக்கிறார் என்று பிறகு அறிந்தோம். அவர் கண்ட வழி: முடிச்சு தொடங்கும் இடத்தில், ஒரே கண்ணியிலிருந்து வேண்டிய கண்ணிகளை அங்கேயே பெருக்கி எடுப்பது, முடியும் இடத்தில் அவற்றை ஒன்றாய் ஒடுக்குவது. வெறுந்துணியின் நடுவில் கோலம் முளைத்து, நடுவிலேயே மூடிக்கொள்ளும். அதைப் பழகி, முதல் கோலம் சுருங்காமல் மூடிய அன்று எங்கள் விறாந்தையில் கை தட்டினோம்.

கீறுகிறவர்களுக்கு ஒரு சின்ன விடயம். கண்ணி சதுரமல்ல, உயரத்தைவிட அகலம் கூடியது. சதுரத் தாளில் கீறியது பின்னும்போது குட்டையாய் வரும். அகலத்துக்கு ஐந்து கட்டம் என்றால் உயரத்துக்கு ஏழு கட்டம் என்று நீட்டிக் கீறினால் ஏறத்தாழச் சரிவரும்.

ஒரு வடிவத்தில் எங்களுக்குள் மனத்தாங்கல் வந்தது. துறைமுக ஊருக்கு நங்கூரச் சங்கிலி இல்லாமலா என்று சிலர் கேட்டார்கள். 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்த ஊர், உலகம் அறிந்த இயற்கைத் துறைமுகம், சங்கிலி வேண்டும் என்றார்கள். மற்றவர்கள், சங்கிலி என்றால் தங்களுக்கு நினைவு வருவது கப்பல் அல்ல, வீதிக்குக் குறுக்கே போட்ட தடையும் வரிசையில் நின்ற மணித்தியாலங்களும் என்றார்கள். இரண்டு சனிக்கிழமை கதைத்தோம். வாக்கெடுப்பு வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. கொப்பியில் அந்தப் பக்கத்தை வெறுமையாய் விட்டிருக்கிறோம். வேறொருவர், வேறொரு காலத்தில் கீறட்டும்.

அந்தக் கொப்பிதான் எங்கள் முதல் திட்டம். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பக்கம். எதைப் பார்த்து வந்தது, எந்த ஆண்டு, எத்தனை கண்ணி, எங்கே பிழைத்தோம் என்று எழுதி வைக்கிறோம். நூறு வருடம் கழித்து ஒருவர் இதை ஆயிரம் வருடப் பழசு என்று சொல்லக் கூடாது என்பதற்காக.

இரண்டாவது திட்டத்துக்கு உங்கள் எல்லோருடைய கையும் தேவை. நூற்றாண்டுக்கு ஒரு நூறு சதுரப் போர்வை. ஒவ்வொன்றும் 25 சென்றிமீற்றர். பத்துக்குப் பத்தாய் இணைத்தால் இரண்டரை மீற்றர் நீள அகலத்தில் ஒரு போர்வை வரும். சீருடையின் வெள்ளையை ஒட்டி, சாயமில்லாத கம்பளியில், எங்கள் ஏழு வடிவங்களில் ஒன்றையோ, நீங்கள் வாழும் ஊரில் கண்ட ஒன்றையோ பின்னி அனுப்புங்கள். ஒஸ்லோவில் இருப்பவர் ஒஸ்லோவில் கண்டதைப் பின்னட்டும். அதுவும் எங்கள் பிள்ளையின் கண் கண்டதுதான். ஓரங்கள் சுருளாமலிருக்க நாலு பக்கமும் ஒரு விரலகலம் ஒன்றுக்கொன்று மாறிய பிளேனும் பேர்லுமாய் வையுங்கள். பின்னத் தெரியாதவர்கள் நூலை மட்டும் அனுப்புங்கள், இங்கே கை இருக்கிறது. இன்றுவரை 23 சதுரம் கைக்கு வந்திருக்கிறது. ஒன்று இரண்டு சென்றிமீற்றர் குறைவு. அனுப்பியவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். துண்டு பின்னிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறோம்.

மூன்றாவது திட்டம், இப்போது படிக்கிற பிள்ளைகள். அவர்களில் விரும்பியவர்களுக்குப் பாடசாலை விட்ட பிறகு பழக்க நினைக்கிறோம். பொழுதுபோக்குக்கு மட்டும் அல்ல. எங்களில் இளையவர் தன் இரண்டு பிள்ளைகளின் கொப்பிச் செலவைப் பின்னிய பைகளில்தான் பார்க்கிறார். ஒரு பெரிய சட்டைக்கு அவருக்கு ஆறு கிழமை பிடிக்கும். ஆறு கிழமையின் கூலியை விலையில் சேர்க்க எங்களுக்கே முதலில் கூச்சமாயிருந்தது. வெளிநாட்டுத் தோழிகளே, உறவுக்காரர் பின்னியதுதானே என்று விலை குறைத்துக் கேட்காதீர்கள். மணித்தியாலத்தை எண்ணிப் பாருங்கள். அரன் தீவுப் பெண்களுக்கும் யாரோ ஒருவர் கடை திறந்து விலை கொடுத்தபடியால்தான் அது உலகத்துக்குத் தெரிந்தது.

கேள்வி கேட்ட பிள்ளைக்குப் போன மாதம் ஒரு பொதி அனுப்பினோம். வெள்ளைக் கம்பளிச் சட்டை. முன்பக்கம் நடுவில் கோலம், இரு புறமும் இரட்டைப் பின்னல், கைகளில் வலை. உள்ளே ஒரு துண்டுக் கடிதம் வைத்தோம். "இது உன் ஊர்ப் பின்னல். வயது இரண்டு. தம்பியைக் கடலில் இழந்த ஒரு அன்ரியும், மண்டபத்தில் தொப்பி பின்னிய ஒரு அன்ரியும், இன்னும் ஒன்பது பேரும் சேர்ந்து உண்டாக்கினது. ஐரிஷ் தோழிக்கும் சொல்லு" என்று எழுதினோம். தோழி தன் பாட்டியிடம் காட்டினாளாம். பாட்டி சட்டையைப் புரட்டி உட்பக்கத்தைப் பார்த்தாராம். பின்னத் தெரிந்தவர் அப்படித்தான் பார்ப்பார்.

தேநீருக்குப் பிறகு மண்டபத்துக்குப் பின்னாலுள்ள விறாந்தையில் நாங்கள் இருப்போம். ஊசியும் நூலும் வைத்திருக்கிறோம், நிமிர்த்திய கொண்டை ஊசிகளும் இருக்கின்றன. வந்து ஆறு கண்ணி போட்டு ஒரு கயிறாவது திருப்பிவிட்டுப் போங்கள். கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள்.